இந்தப் புள்ளி யார்?

சென்ற ஆண்டு ஜனவரியில் பன்னிரண்டாம் வகுப்புப் புள்ளியியல் மாணவர்களுக்கு ஒரு வினா கொடுத்தேன். முழுமைத் தொகுதி (ஆராய எடுத்துக்கொண்ட எல்லோரும் அடங்கிய கூட்டம்) ஒன்றின் நிகழ்வுச் செவ்வகப் படம். இடப்பக்கம் குவிந்து, வலப்பக்கம் நீளமாக வால் விட்டது. அதிலிருந்து 16 பேர் கொண்ட கூறுகளை (மாதிரிகளை) 500 முறை எடுத்து, ஒவ்வொரு கூறின் சராசரியையும் குறித்துக்கொண்டே வந்தால், அந்தச் சராசரிகளின் படம் கீழே உள்ள மூன்றில் எது? முழுமைத் தொகுதி எந்த வடிவில் இருந்தாலும், போதிய அளவுள்ள கூறுகளின் சராசரிகள் ஏறத்தாழ மணி வடிவில் அமையும் என்கிற மைய எல்லைத் தேற்றத்தை ஒரு வாரம் நடத்தி முடித்திருந்தேன். ப்ரொஜெக்டரில் கணினிப் பாவனையாக்கமும் காட்டியிருந்தேன். பொத்தானை அழுத்த அழுத்தப் புள்ளிகள் மழைபோல விழுந்து மணி வடிவம் எழும்பியபோது வகுப்பே கைதட்டியது. 34 பேரில் 9 பேர்தான் சரியான படத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

மற்றவர்களில் பெரும்பாலோர், முழுமைத் தொகுதியைப் போலவே வால் நீண்ட படத்தைத் தேர்ந்தெடுத்துக் காரணமும் எழுதியிருந்தார்கள்: "கூறின் அளவு பெரிதாகப் பெரிதாக அது முழுமைத் தொகுதியைப் போலவே ஆகிவிடும்." இந்த வாக்கியம் என்னைப் பல நாள் விடவில்லை. ஏனென்றால் அது தவறான வாக்கியம் அல்ல. ஒரே ஒரு கூறை எடுத்து அதில் ஆட்களைச் சேர்த்துக்கொண்டே போனால், அதன் படம் முழுமைத் தொகுதியின் சாயலுக்குத்தான் வரும். நான் கேட்டதோ ஆட்களின் படத்தை அல்ல, சராசரிகளின் படத்தை. பிள்ளைகள் ஓர் உண்மையைச் சரியாகக் கற்று, அது பொருந்தாத இடத்தில் வைத்திருந்தார்கள். திரையில் விழுந்த ஒவ்வொரு புள்ளியையும் அவர்கள் ஓர் ஆளாகப் பார்த்திருக்கிறார்கள். நான் பதினாறு பேரின் சராசரியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே திரையை இரு தரப்பும் வேறு வேறாகப் படித்தோம், அது எனக்குத் தெரியவே இல்லை.

அமெரிக்காவில் ராபர்ட் டெல்மாஸ், ஜோன் கார்ஃபீல்ட், பெத் சான்ஸ் ஆகிய மூவரும் இதே பாடத்துக்காகவே மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்தி ஆராய்ந்து 1999இல் எழுதியிருக்கிறார்கள். கூறெடுப்புப் பரவலை, அதாவது பல கூறுகளின் சராசரிகள் பரவும் விதத்தை, கணினியில் காட்டி "நீங்களே ஆராய்ந்து பாருங்கள்" என்று விடுவது போதவில்லை என்பது அவர்கள் கண்டது. மாணவர் முதலில் தன் கணிப்பைச் சொல்ல வேண்டும், பிறகு கணினியில் சோதிக்க வேண்டும், இரண்டும் மோதும் இடத்தைத் தானே சந்திக்க வேண்டும். அப்படிச் செய்தபோது புரிதல் கூடியது, அப்போதும் எல்லோருக்கும் அல்ல. இதைப் படித்த பிறகு இந்த ஆண்டுப் பாடத்தை அடியோடு பிரித்துக் கட்டினேன். என்ன செய்தேன், எது பழுதானது, எப்படிச் சரிசெய்தேன் என்பதைப் புள்ளியியல் நடத்தும் மற்ற ஆசிரியர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

இருந்த பொருட்கள்: கணினி ஆய்வகத்தில் இருபதில் ஓடக்கூடிய 16 கணினிகள், அவற்றில் லிப்ரே ஆபீஸ், பைத்தான். மாணவர்கள் 32 பேர். ஆகவே கணினிக்கு இருவர். வாரத்தில் ஒருநாள் அடுத்தடுத்து இரண்டு பாடவேளை. இவற்றோடு நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய நூறு சோழிகள், ஒரு மண்பானை, மூன்று நிறத்தில் சார்ட் தாள்.

சோழியில் தொடங்கியது

நாணயத்தை வேண்டுமென்றே தவிர்த்தேன். நாணயம் என்றதும் பிள்ளைகள் "பாதிக்குப் பாதி" என்று சொல்லிவிடுகிறார்கள். பிறகு சுண்டிப் பார்ப்பதற்கு அவர்களுக்கு ஒரு காரணமும் இருப்பதில்லை. சோழிக்கு அப்படி விடை கிடையாது. அது மல்லாந்து விழுமா, கவிழ்ந்து விழுமா என்பதற்கான நிகழ்தகவு எந்தப் பாடநூலிலும் இல்லை. உருட்டித்தான் அறிய வேண்டும். தாயம் விளையாடிய வீட்டுப் பிள்ளைகளுக்குச் சோழியை எப்படிக் கையில் குலுக்குவது என்று சொல்லித்தர வேண்டியதும் இல்லை.

ஒவ்வோர் இணைக்கும் ஆறு சோழி. பத்து முறை வீச வேண்டும். மொத்தம் 60 சோழி விழும். அதற்கு முன்னால் ஒரு விதி: எத்தனை மல்லாந்து விழும் என்று நோட்டில் மையால் எழுதிவிட வேண்டும், அழிக்கக் கூடாது. இந்த விதியைத்தான் பிறகு எல்லா வாரமும் கடைப்பிடித்தோம். பென்சிலில் எழுத அனுமதித்தால் விடை தெரிந்ததும் கணிப்பு மறைந்துபோகும். மறைந்துபோன கணிப்பால் ஒரு பயனும் இல்லை.

16 இணைகளும் வீசி முடித்தபோது 960இல் 412 மல்லாந்திருந்தன. ஏறத்தாழ 43 விழுக்காடு. ஆனால் இணைக்கு இணை எண்ணிக்கை தாறுமாறாக இருந்தது. மிகக் குறைந்தது 18, மிகக் கூடியது 33. முப்பத்துமூன்று எடுத்த இரண்டு மாணவிகளின் சோழியை எல்லோரும் வந்து கையில் எடுத்துப் பார்த்தார்கள். "அவர்களுடைய சோழி கொஞ்சம் பெரிது", "அவள் மெதுவாக வீசுகிறாள்", "அடிப்பக்கம் தேய்ந்திருக்கிறது" என்று ஆளுக்கொரு காரணம் பிறந்தது. கேட்கக் கேட்க எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. நான் நடத்தவிருந்த பாடத்தின் கேள்வியை அவர்களே உருவாக்கிவிட்டார்கள்: அந்தச் சோழியில் உண்மையிலேயே ஏதோ இருக்கிறதா, அல்லது எந்தச் சோழியை 60 முறை வீசினாலும் எப்போதாவது 33 வருமா?

இதைக் கையால் தீர்க்க முடியாது. அறுபது அறுபதாக ஆயிரம் முறை வீச யாருக்கும் நேரம் இல்லை. கணினி இங்கேதான் உள்ளே வர வேண்டும் என்பது என் முடிவு. 1946இல் உடல்நலமின்றி ஓய்வில் இருந்த கணிதவியலாளர் ஸ்டானிஸ்லா உலாம் ஒற்றை ஆள் சீட்டாட்டம் ஆடிக்கொண்டிருந்தபோது, வெற்றி பெறும் வாய்ப்பைச் சூத்திரத்தால் கணக்கிடுவதைவிட நூறு ஆட்டம் ஆடி எத்தனை வென்றோம் என்று எண்ணிவிடலாமே என்று நினைத்தார். சமவாய்ப்பு எண்களைக் கொண்டு திரும்பத் திரும்பச் சோதித்து விடை காணும் மான்டே கார்லோ முறைக்கு அதுதான் விதை. நம் பிள்ளைகளும் அதே வாசலில்தான் வந்து நின்றார்கள்: கை சலித்துப்போன இடத்தில்.

கட்டங்கள் நில்லாமல் மாறிய நாள்

லிப்ரே ஆபீஸின் கால்க் விரிதாளில் ஒரு கிடைவரிசையில் 60 கட்டங்கள். ஒவ்வொன்றிலும், 0க்கும் 1க்கும் இடையே சமவாய்ப்பாக ஓர் எண்ணைத் தரும் ரேண்ட் சார்பின் விடை 0.43க்குக் கீழே இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 என்று இஃப் சார்பு. அறுபதாவது கட்டத்துக்கு அப்பால் கூட்டுத்தொகை. இந்த வரிசையை 1,000 முறை கீழே இழுத்தோம். ஈருறுப்புப் பரவலுக்கென்றே (இத்தனை வீச்சில் எத்தனை மல்லாந்தன என்பது போன்ற எண்ணிக்கைக்கு) ஒரு சார்பு இருக்கிறது, ஒரே கட்டத்தில் விடை வந்துவிடும். அதை இந்த வாரம் தரவில்லை. ஒரு கட்டம் ஒரு சோழி, ஒரு வரிசை ஓர் இணையின் வேலை என்பது கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும். சுருக்கு வழி பிறகு வரட்டும்.

இரண்டு பழுதுகள் உடனே வந்தன. முதலாவது, சில கணினிகளில் சார்பின் உள்ளே காற்புள்ளி போட்டால் பிழை, சிலவற்றில் அரைப்புள்ளி போட்டால் பிழை. இது கணினியின் மொழி, வட்டார அமைப்பைப் பொறுத்தது. ஆய்வகத்துக்கு முந்தைய நாளே ஒவ்வொரு கணினியிலும் ஒரு சார்பைத் தட்டிப் பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் இருபது நிமிடம் போய்விடும்.

இரண்டாவது பழுது ஆழமானது. ஒரு மாணவி கூட்டுத்தொகை 24 என்று பார்த்து நோட்டில் எழுதிவிட்டு நிமிர்ந்தாள்; பக்கத்திலிருந்தவள் வேறொரு கட்டத்தில் தலைப்பைத் தட்டச்சு செய்திருந்தாள்; இப்போது அங்கே 29. "டீச்சர், நான் தப்பாக எழுதிவிட்டேனா?" என்று கேட்டாள். ரேண்ட் சார்பு, விரிதாளில் எந்தக் கட்டத்தைத் தொட்டாலும் மீண்டும் புது எண் எடுக்கும். 60,000 கட்டங்கள் ஒவ்வொரு தட்டலுக்கும் மறுபடி குலுங்கின. பழைய கணினிகள் இரண்டு அப்படியே உறைந்துபோயின. புதிய லிப்ரே ஆபீஸ் பதிப்புகளில் தானாக மாறாத ரேண்ட்.என்வி என்ற சார்பு உண்டு. எங்கள் கணினிகளில் இருந்தது அதற்கு முந்தைய பதிப்பு. ஆகவே தரவுப் பட்டியில் போய்த் தானியங்கிக் கணக்கீட்டை அணைத்தோம். அதற்குப் பிறகு எஃப்9 விசையை அழுத்தினால் மட்டும் புதிய குலுக்கல்.

இந்தச் சரிசெய்தல் தொழில்நுட்பத்துக்காகச் செய்தது. ஆனால் பாடத்துக்கே அது பெரிய நன்மையாக முடிந்தது. எஃப்9 என்பது "இன்னொரு முறை வீசு" என்ற பொருளைப் பெற்றுவிட்டது. அழுத்துவதற்கு முன் நிறுத்திக் கேட்க முடிந்தது: "இப்போது எந்த எண் மாறும், எது மாறாது?" 0.43 மாறாது, கூட்டுத்தொகைகள் மாறும். முழுமைத் தொகுதியின் பண்பளவை, கூறின் மதிப்பு ஆகிய இரண்டையும் வரையறையாக எழுதவைத்து நான் பல ஆண்டு படாத பாடுபட்டிருக்கிறேன். எஃப்9இல் விரலை வைத்துக்கொண்டு அந்த வேறுபாட்டை அவர்களே சொன்னார்கள்.

ஆயிரம் வரிசைகளில் 33 அல்லது அதற்கு மேல் வந்தவை கணினிக்குக் கணினி 30 முதல் 52 வரை; சுமார் நாற்பது. "நூற்றுக்கு நான்கு! அப்படியானால் அந்தச் சோழியில் ஏதோ இருக்கிறது" என்று கடைசி வரிசையில் ஒரு மாணவன் எழுந்தான். தற்செயலாக நேரும் வாய்ப்பு 5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அதைத் தற்செயல் என்று கொள்வதில்லை என்ற, நூலில் உள்ள முக்கியத்துவ மட்டம் அவனுக்கு நினைவிருந்தது. நான் பதில் சொல்லவில்லை. "முப்பத்துமூன்று எடுத்த இணையை நாம் எப்படித் தேர்ந்தெடுத்தோம்?" என்று மட்டும் கேட்டேன். சற்று நேரம் ஒலியில்லை. பிறகு சோழி வீசிய அந்த மாணவிகளில் ஒருத்தியே சொன்னாள்: "பதினாறு இணையில் கூடியதைத்தானே எடுத்தோம்."

ஆகவே விரிதாளை மாற்றினோம். 16 வரிசைகள் சேர்ந்து ஒரு வகுப்பு. அதில் உயர்ந்த எண் மட்டும் தனிக் கட்டத்தில். அப்படி 500 வகுப்புகள். அவற்றில் 238 வகுப்புகளில் யாராவது ஓர் இணை 33ஐத் தொட்டிருந்தது. ஏறத்தாழப் பாதி! தனி ஓர் இணைக்கு அரிதான செய்தி, பதினாறு இணைகளில் ஒன்றுக்கு நேர்வது அரிதே அல்ல. அந்த இரண்டு மாணவிகளும் அதே சோழிகளை மீண்டும் 60 முறை வீசினார்கள், 27 வந்தது. நூறு விளைவுகளைத் தேடிவிட்டு அதில் பொருந்திய ஒன்றை மட்டும் எடுத்து அறிவிக்கும் ஆய்வுகள் எப்படி வழிதவறுகின்றன என்பதைப் பட்டப்படிப்பில்கூட எனக்கு யாரும் இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை.

எல்லாத் திரையிலும் ஒரே எண்

அடுத்த வாரம் பைத்தான். கணினி அறிவியல் படிக்கும் மாணவர்கள் சிலர் அதை ஏற்கெனவே அறிந்திருந்தார்கள். மற்றவர்கள் பத்து வரியைப் பார்த்துத் தட்டச்சு செய்தால் போதும். விடைகளைச் சரிபார்க்க எனக்கு வசதியாக இருக்கட்டும் என்று நான் கொடுத்த தாளின் முதல் வரியிலேயே சீட் என்ற கட்டளையில் 10 என்று போட்டிருந்தேன். சமவாய்ப்பு எண்களின் தொடக்கப் புள்ளியை அது நிலைநிறுத்தும். விளைவு, 16 கணினிகளிலும் ஒரே எண் வந்தது. பிள்ளைகள் மகிழ்ந்தார்கள். "சோழியில்தான் ஆளுக்கொன்றாக வருகிறது, கணினி எல்லோருக்கும் சரியான விடையைத் தருகிறது" என்றான் ஒருவன்.

இதைவிடப் பெரிய தவறான கருத்தை நான் விரும்பியிருந்தாலும் விதைத்திருக்க முடியாது. உடனே எல்லோரையும் நிறுத்தி, 10க்குப் பதிலாக அவரவர் வருகைப்பதிவு எண்ணைப் போடச் சொன்னேன். விடைகள் மீண்டும் சிதறின. இப்போது எனக்குச் சரிபார்ப்பதும் எளிது, யாருக்கும் ஒரே விடையும் இல்லை. இதைப் பயன்படுத்தும் ஆசிரியர்கள் இந்த ஒரு வரியை மறக்க வேண்டாம்.

ஆனால் அதே எண்ணைக் கொடுத்தால் அதே விடை வருகிறது என்பதைப் பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? "அப்படியானால் கணினி குலுக்கவே இல்லையே?" மிக நியாயமான கேள்வி. திட்டத்தில் இல்லாத அரை மணி நேரத்தை இதற்குக் கொடுத்தேன். ஜான் வான் நாய்மன் 1940களில் சொன்ன நடுவர்க்க முறையைக் கையால் செய்தோம். நான்கு இலக்க எண்ணை வர்க்கப்படுத்து. எட்டு இலக்கமாக எழுது. நடு நான்கு இலக்கத்தை எடு. 1234இன் வர்க்கம் 01522756, நடுவில் 5227. அதன் வர்க்கம் 27321529, நடுவில் 3215. அடுத்து 3362. பார்க்கக் குலுக்கலைப் போலவே இருக்கிறது, ஆனால் ஒவ்வோர் எண்ணும் முந்தைய எண்ணால் முடிவானது. ஆளுக்கோர் எண்ணில் தொடங்கினார்கள். 2100இல் தொடங்கிய மாணவிக்கு 4100, 8100, 6100, மீண்டும் 2100 என்று வட்டமடிக்கத் தொடங்கியது. வகுப்பு அவள் மேசையைச் சூழ்ந்துகொண்டது. பைத்தான் பயன்படுத்துவது மட்சுமோட்டோவும் நிஷிமுராவும் 1998இல் வெளியிட்ட மெர்சென் ட்விஸ்டர் என்ற முறை. அதுவும் என்றோ ஒருநாள் தொடங்கிய இடத்துக்குத் திரும்பும், ஆனால் அதன் சுற்றின் நீளம் 2இன் 19937ஆம் அடுக்கில் ஒன்று குறைவு என்று சொன்னேன். அந்த எண்ணில் 6,002 இலக்கங்கள். எழுதிப்பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

பானையும் மூன்று நிறங்களும்

இனி முதன்மையான வேலை. சென்ற ஆண்டு நான் தோற்ற இடம்.

மேல்நிலை வகுப்பு மாணவர்கள் 96 பேரிடம் வீட்டிலிருந்து பள்ளிக்கு வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று கேட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு வெள்ளைச் சீட்டு எழுதினோம். விடுதி மாணவிக்கு 2 நிமிடம். இரண்டு பஸ் மாறி வரும் மாணவனுக்கு 85 நிமிடம். சராசரி 24, திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) 18. பெரும்பாலோர் அருகில், சிலர் வெகுதூரம். படம் வலப்பக்கம் நீண்ட வால் விட்டது; வினாத்தாளில் நான் கொடுத்த படத்தைப் போலவே, ஆனால் இந்த வாலில் இருப்பவர்களின் பெயர் எல்லோருக்கும் தெரியும்.

சீட்டுகளை மண்பானையில் போட்டதும் ஒரு மாணவி "குடவோலை" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, குடத்தைக் குலுக்கவும் விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஓலையை எடுக்கவும் விதி செய்திருக்கிறது. குலுக்காத குடத்திலிருந்து எடுத்தது சமவாய்ப்புக் கூறு ஆகாது என்பதைப் பத்தாம் நூற்றாண்டிலேயே கவலையோடு எழுதிவைத்திருக்கிறார்கள். எங்களுக்கும் அதே கவலை வந்தது: முதலில் வீட்டுப்பாட நோட்டுத் தாளில் எழுதிய சீட்டுகளை அவரவர் விருப்பப்படி மடித்திருந்தார்கள்; தடித்த மடிப்புகளே கைக்கு வந்தன. சார்ட் தாளில் ஒரே அளவாக வெட்டி, மடிக்காமல் போட்ட பிறகு சரியானது. எடுத்த சீட்டை மீண்டும் பானையில் போட மறப்பது இன்னொரு தொல்லை. அதற்கென்றே பானைக்குப் பக்கத்தில் ஒருவரை நிறுத்தினேன்.

ஓர் இணை நான்கு சீட்டு எடுக்கும், சராசரியைக் கணக்கிடும், அதை மஞ்சள் சீட்டில் எழுதிச் சுவரில் 0 முதல் 90 வரை வரைந்த கோட்டின் மேல் ஒட்டும். இணைக்கு மூன்று முறை. 48 மஞ்சள் சீட்டுகள். ஒவ்வொரு முறை ஒட்டும்போதும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: "இந்தப் புள்ளி யார்?"

முதல் இணை திகைத்தது. "இது... யாருமில்லை டீச்சர். நாலு பேரோட சராசரி" என்று இழுத்தார்கள். "எந்த நாலு பேர்?" கையில் இருந்த சீட்டுகளைக் காட்டினார்கள்: 5, 12, 40, 15. சராசரி 18. பதினெட்டு நிமிடத்தில் வருகிற ஆள் ஒருவர்கூட அந்த நால்வரில் இல்லை. அந்த இடத்தில் ஏதோ ஒன்று நகர்ந்ததை நான் முகங்களில் பார்த்தேன். தமிழில் பெரிய ஆளைப் பெரும்புள்ளி என்கிறோம். புள்ளி என்றாலே ஆள் என்று நினைக்க மொழியே பழக்கிவிட்டதோ என்னவோ. சுவரில் ஒட்டியிருப்பது ஆள் அல்ல, நால்வர் கூட்டம் ஒன்றின் சுருக்கம் என்பதை ஒவ்வோர் இணையும் தன் வாயால் ஒருமுறையாவது சொன்ன பிறகே அடுத்த இணையை அழைத்தேன். ஒரு பாடவேளை முழுதும் இதற்கே போனது. போகட்டும்.

85 நிமிட மாணவனின் சீட்டு இருமுறை பானையிலிருந்து வந்தது. இருமுறையும் அவன் எழுந்து நின்று பார்த்தான். ஒருமுறை அவனோடு வந்தவை 2, 10, 15, சராசரி 28. "என் 85 எங்கே போனது?" என்று அவன் கேட்டான். பரவல் ஏன் சுருங்குகிறது என்பதை விளக்க எனக்கு அதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. அருகில் இருப்பவர்கள் அவனை உள்ளே இழுத்துவிட்டார்கள். நால்வரும் தொலைவிலிருந்து வருபவர்களாக அமைந்தால்தான் சராசரி 80ஐத் தொடும். அது மிக அரிது. பதினாறு பேர் என்றால்? கணிப்பை எழுதினார்கள். நீலச் சீட்டில் 16 பேரின் சராசரி; இணைக்கு ஒன்று வீதம் பதினாறு சீட்டுகள். அவை 24ஐச் சுற்றிக் குறுகிய கற்றையாக நின்றன.

அப்போதுதான் கணினியைத் திறந்தோம். முதல் நிரலில் 96 எண்கள். இன்டெக்ஸ், ரேண்ட்பிட்வீன் இரண்டையும் சேர்த்தால் அதிலிருந்து ஓர் எண்ணைச் சமவாய்ப்பாக எடுத்துத் தரும். அதுதான் பானைக்குள் விடும் கை. நான்கு கட்டம், பக்கத்தில் சராசரி, 500 வரிசை. தனி ஆட்களின் நிரலுக்கு வெள்ளை, நால்வர் சராசரிக்கு மஞ்சள், பதினாறு பேர் சராசரிக்கு நீலம் என்று சுவரில் இருந்த நிறங்களையே கட்டங்களுக்கும் படங்களுக்கும் கொடுத்தோம். மஞ்சள் நிரலின் திட்ட விலக்கம் 9ஐ ஒட்டி வந்தது, நீலத்துக்கு 4.5ஐ ஒட்டி வந்தது. 18, 9, 4.5. கூறின் அளவு நான்கு மடங்கானால் விலக்கம் பாதியாகிறது என்று முன் வரிசையிலிருந்து குரல் வந்தபோது திட்டப் பிழையின் (சராசரிகளின் திட்ட விலக்கத்தின்) சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதினேன். அதை அவர்கள் புதிய சூத்திரமாகப் பார்க்கவில்லை. தாங்கள் கண்டதைச் சுருக்கி எழுதும் வழியாகப் பார்த்தார்கள்.

கின்னஸ் மதுபான ஆலையில் பணியாற்றிய வில்லியம் கோசெட் 1908இல் ஏறத்தாழ இதையேதான் செய்தார் என்று சொன்னபோது வகுப்பு நம்பவில்லை. 3,000 குற்றவாளிகளின் உயரம், இடக்கை நடுவிரல் நீளம் ஆகிய அளவுகளை அட்டைத் துண்டுகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நான்கு நான்காக 750 கூறுகளாகப் பிரித்துத் தன் கோட்பாட்டைச் சோதித்தார். கட்டுரையை அவர் வெளியிட்ட புனைபெயர் ஸ்டூடண்ட், அதாவது மாணவர். நூலில், சிறு கூறுகளுக்குப் பயன்படும் டி பரவலின் பெயருக்கு முன்னால் அந்தச் சொல் ஏன் நிற்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்த மாணவிக்கு அன்று விடை கிடைத்தது.

மருத்துவமனைப் புதிர்

கடைசி வாரத்தில், டானியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1970களில் புகழ்பெறச் செய்த புதிரைக் கொடுத்தேன். ஒரு மருத்துவமனையில் நாளுக்கு 45 குழந்தைகள், இன்னொன்றில் 15. ஓர் ஆண்டில் 60 விழுக்காட்டுக்கு மேல் ஆண் குழந்தைகள் பிறந்த நாட்கள் எங்கே அதிகம்? அவர்கள் கேட்ட 95 மாணவர்களில் 53 பேர் இரண்டிலும் ஏறத்தாழச் சமம் என்றார்களாம். எங்கள் வகுப்பில் 19 பேர் சமம், 8 பேர் பெரியது, 5 பேர் சிறியது. பானைப் பாடத்தை அவ்வளவு உழைத்து முடித்த பிறகும் இதுதான் நிலை! வேறு உடையில் வந்த அதே கருத்தை அவர்கள் அடையாளம் காணவில்லை.

இப்போது சுருக்கு வழிக்கு நேரம் வந்திருந்தது. பைனாம்.இன்வ் சார்பில் 15, 0.5, ரேண்ட் என்று கொடுத்தால் ஒரு நாளின் ஆண் குழந்தை எண்ணிக்கை ஒரே கட்டத்தில் வந்துவிடும். 365 வரிசை; பக்கத்தில் 45க்கும் அப்படியே. சிறிய மருத்துவமனைக்கு 43 முதல் 66 நாட்கள் வரை வந்தன. பெரியதற்கு 17 முதல் 34 வரை. எந்தக் கணினியிலும் வரிசை மாறவில்லை. உண்மையில் இயல்பான பிறப்பு விகிதம் நூறு பெண் குழந்தைகளுக்குச் சுமார் 105 ஆண் குழந்தைகள். புதிருக்காகப் பாதி என்று வைத்துக்கொண்டோம். ஒரு மாணவி 0.5ஐ 0.512 என்று மாற்றி ஓட்டிப் பார்த்தாள். நாட்கள் சற்றுக் கூடின, முடிவு மாறவில்லை. நான் சொல்லாமல் செய்தாள்.

"மஞ்சளும் நீலமும்" என்று யாரோ தாழ்ந்த குரலில் சொன்னது கேட்டது. நாளுக்கு 15 என்பது மஞ்சள், 45 என்பது நீலம்.

இந்த ஜனவரியில் அதே வினாவை மீண்டும் கொடுத்தேன். 32 பேரில் 23 பேர் சரியான படம். இரண்டு வகுப்புகளையும் ஒப்பிட்டு முறையின் சிறப்பை நிறுவ நான் முயலவில்லை. பிள்ளைகள் வேறு, நான் செலவிட்ட நேரமும் வேறு. மீதி ஒன்பது பேரோடு மதிய உணவுக்குப் பிறகு ஒவ்வொருவராக உட்கார்ந்தேன். நான்கு பேருக்குப் புள்ளி இன்னும் ஆள்தான். ஆனால் ஐந்து பேர் வேறு வழியில் தவறியிருந்தார்கள்: கிடை அச்சை "எத்தனையாவது கூறு" என்று படித்திருந்தார்கள். முதல் கூறு இடக்கோடியில், ஐந்நூறாவது கூறு வலக்கோடியில். சுவரில் ஒட்டும்போது அச்சில் நிமிடங்களை நானே முன்கூட்டி எழுதிவைத்திருந்தேன். அவர்கள் அந்த அச்சை வரையவே இல்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை வெறும் கோட்டை மட்டும் வரைந்துவிட்டு, மஞ்சள் சீட்டுகளைத் திரும்ப அந்த ஐந்து பேர் கையில் கொடுக்கப்போகிறேன்.